கண்ணாடிப் பூச்சும் உலைச் சூடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தன்னைத்தானே தூய்மை செய்துகொள்ளும் கண்ணாடி பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். டைட்டானியம் டை ஆக்சைடைப் பூசினாலே போதும் என்ற எண்ணம் அதைப் படிப்பவருக்கு ஏற்படக்கூடும். மென்படலம் எனப்படும் மிக மெல்லிய பூச்சுகள் பற்றிய ஆய்வில் மாணவர்களுக்கு வழிகாட்டி வருபவன் என்ற முறையில், பூசிய பின் உலையில் நடப்பதையும் சொல்ல விரும்புகிறேன்.

சோல்-ஜெல் முறையில், அதாவது கரைசலைக் கூழ்நிலைக்குக் கொண்டுவந்து படலமாக்கும் முறையில், தோய்த்தெடுத்த படலம் காய்ந்ததும் பார்வைக்கு முழுமையாகத் தெரிந்தாலும், அதன் அணுக்கள் இன்னும் ஒழுங்குக்கு வந்திருப்பதில்லை. கரிமப் பொருள்களின் மிச்சமும் உள்ளே தங்கியிருக்கும். சுமார் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும்போதுதான் அந்த மிச்சம் எரிந்து வெளியேறி, புற ஊதா ஒளியைக் கொண்டு அழுக்கைச் சிதைக்கும் அனடேஸ் என்ற படிக அமைப்பு உருவாகிறது. சூடு மேலும் ஏறினால், நானோமீட்டர் அளவிலான படிக மணிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பருக்கின்றன. இடையிலிருந்த நுண்துளைகள் அடைபட்டு, அழுக்கும் ஒளியும் சந்திக்கும் பரப்பு சுருங்குகிறது. அதற்கும் மேலே போனால் அனடேஸ், இந்த வேலைக்குப் பெரும்பாலும் அவ்வளவாக உதவாத ரூட்டைல் என்ற வேறொரு படிக அமைப்பாக மாறிவிடுகிறது. அணுவிசை நுண்ணோக்கியில் பார்த்தால், நொய்யரிசி பரப்பியது போலிருந்த மேற்பரப்பு கூழாங்கல் தரையாக மாறியிருப்பது தெளிவாகத் தெரியும்.

வெப்பநிலை சரியாக இருந்தும் படலம் பயனற்றுப் போவதுண்டு. சாதாரணச் சன்னல் கண்ணாடியிலுள்ள சோடியம் சூட்டில் படலத்துக்குள் ஊடுருவி அனடேஸ் உருவாவதைத் தடுக்கும். அதனால்தான் இடையில் மெல்லிய சிலிக்காப் படலம் இடுகிறார்கள். இதை அறியாமல் என் மாணவர் ஒருவர் பல வாரங்கள் கரைசலையே மாற்றி மாற்றித் தயாரித்துச் சோர்ந்துபோனார். சோடியம் கலக்காத குவார்ட்ஸ் தகட்டில் பூசிய அன்றே அவருக்கு அனடேஸ் கிடைத்தது. அவசரமாகச் சூடேற்றினாலோ, படலம் சுருங்கும் வேகத்தில் விரிசல் விடும்.

ஆனால் ஆய்வேடுகள் பலவற்றில் “500 டிகிரியில் ஒரு மணி நேரம்” என்ற ஒற்றை வரிதான் காணப்படுகிறது. நிமிடத்துக்கு எத்தனை டிகிரி ஏற்றினார்கள், காற்றிலா நைட்ரஜனிலா, அடியிலிருந்த கண்ணாடி எது, படலத்தின் தடிமன் எவ்வளவு என்பவை இல்லாமல் அந்தச் சோதனையை இன்னொருவர் திரும்பச் செய்ய முடியாது. இத்தகைய ஆய்வுகளைப் பற்றி எழுதும்போது தங்கள் செய்தியாளர்கள் ஆய்வாளர்களிடம் இந்த விவரங்களையும் கேட்டு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் பேராசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி