சேவியருக்கு, குளச்சலிலிருந்து

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்திக்குப் புதுநன்மை, அந்த அலைச்சலில் பதில் எழுதப் பிந்திவிட்டது. மஸ்கட் வாழ்க்கையை முடித்துக்கொண்டு ஊரோடு வரப்போகிறாய் என்றதும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். மேரியையும் கூட்டிக்கொண்டு குளச்சலிலிருந்து கன்னியாகுமரி முனையைச் சுற்றி, மணப்பாடு, தூத்துக்குடி, பாம்பன் வரை படகிலேயே தங்கிப் போக வேண்டும் என்கிறாய். நல்ல ஆசை மக்கா. கட்டாயம் செய்.

ஆனால் நீ அனுப்பிய படத்தில் இருக்கும் படகு வேண்டாம். பின்புறம் வெளியே தொங்கும் 150 குதிரைசக்தி பெட்ரோல் இன்ஜின் (அவுட்போர்டு) இரண்டு மாட்டியது, காலையில் போய் மாலையில் கரை சேருகிறவனுக்குச் சரி. நீ ஒரு நாளில் ஓடப்போவது நாலைந்து மணி நேரம். மீதி நேரமெல்லாம் நங்கூரத்தில்தான் நிற்பாய். நிற்கும்போது எப்படி இருக்கும் என்று பார்த்துத்தான் படகு எடுக்க வேண்டும்.

நம் கரை தென்மேற்கைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. காற்றே இல்லாத நாளிலும் எங்கோ தெற்கே கிளம்பிய அலை நீளமாக வந்து தூக்கும். கள்ளக்கடல் என்று சொல்வது அதைத்தான். உயரமாக அறை கட்டிய படகு அந்த அலையில் ராத்திரி முழுக்க இரண்டு பக்கமும் ஆடும். காற்றடித்தால் அணியம், அதாவது படகின் முன்முனை, ஒரு நிலையில் நிற்காது. இரட்டை உடல் படகு என்றால் ஆட்டம் குறைவு, ஆழமில்லாத இடத்திலும் நிற்கும். நம் கட்டுமரத்தின் பெயரைத்தான் உலகம் முழுவதும் அதற்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் அகலம் அதிகம், விலையும் அதிகம். நம் துறைமுகங்களில் நெருக்கிக் கட்ட இடம் கிடைக்காது. என் மனசுக்குப் பட்டது, 32 அடியில், தாழ்ந்த அறையும் நீளமான ஏராவும் (அடிக்கட்டை) உள்ள, ஒற்றை டீசல் இன்ஜின் படகு.

அதன் வேகம் மணிக்கு ஏழு கடல் மைலுக்குள்தான். தண்ணீரில் படும் நீளம் 30 அடி என்றால் அவ்வளவுதான் வரும். அதற்கு மேல் முறுக்கினால் டீசல் போகுமே தவிர வேகம் ஏறாது. இங்கிருந்து கன்னியாகுமரி ஏறக்குறைய 20 கடல் மைல், மூன்று மணி நேரம். மணிக்கு நாலைந்து லிட்டர் போதும். நீ பார்த்த படகு முழு வேகத்தில் 100 லிட்டரைத் தொடும். இன்னொன்று, பெட்ரோல் ஆவி கனமானது. கசிந்தால் படகின் அடியில் போய்த் தங்கும், ஒரு பொறி போதும். நாற்பது வருஷம் இன்ஜின் பிரித்த கை எழுதுகிறது, தூங்குகிற படகில் பெட்ரோல் வைக்காதே. டீசலைக்கூட மூன்றாகப் பிரித்துக்கொள். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மூன்றாவதைத் தொடக்கூடாது.

இனி நங்கூரம். இதில் மட்டும் காசு பார்க்காதே. நமக்கு இருபது வயதிருக்கும்போது மாமாவோடு கடியபட்டணம் பாறைக்கு வெளியே ஒரு ராத்திரி நின்றோம். நடுச்சாமத்தில் மாமா என்னை எழுப்பி, அணியத்தில் உட்காரவைத்து, என் கையை நங்கூரக் கயிற்றின் மேல் வைத்தார். கயிறு விட்டுவிட்டு அதிர்ந்தது, கரடுமுரடான ரோட்டில் சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்த மாதிரி. "நங்கூரம் இழுபடுது" என்றார். இன்னும் பத்து பாகம் (ஒரு பாகம் ஆறடி) கயிறு விட்டதும் அதிர்வு நின்றது. பிடித்துவிட்டது. விடியற்காலம் ஏற்றிப் பார்த்தால், பாறையில் உரசி மூன்று பிரியில் ஒரு பிரி அறுந்து பஞ்சாய்த் தொங்குகிறது. அன்றிலிருந்து நங்கூரத்தை ஒட்டிச் சங்கிலி இல்லாத படகில் நான் படுத்ததில்லை.

சங்கிலி தரையில் கிடந்தால்தான் இழுப்பு படுக்கையாக வரும், நங்கூரம் மணலில் புதையும். 3 பாகம் தண்ணீர் என்றால், அணியத்தின் உயரத்தையும் சேர்த்து அதற்கு ஐந்து மடங்கு கயிறு விடு, காற்று ஏறினால் ஏழு மடங்கு. மணலுக்குத் தகடு நங்கூரம், பாறைக்கு நம் நாலு கொக்கி நங்கூரம், இரண்டும் வேண்டும். பாறையில் போடும்போது கொக்கிப் பக்கம் ஒரு மெல்லிய கயிறு கட்டி மிதவை விடு. சிக்கினால் பின்பக்கமாக இழுத்து எடுக்கலாம்.

ஆனி, ஆடியில் மேற்கே இறங்காதே. ஜூன், ஜூலை தடைக்காலமும் சேர்ந்து வருவதால் குளச்சலில் விசைப்படகு நெருக்கிக் கட்டிக் கிடக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. பவளத்தின் மேல் நங்கூரம் போடக் கூடாது. கடலோரக் காவல்படையின் 1554 அவசர எண்ணை மேரியும் மனசில் வைத்திருக்கட்டும்.

முட்டத்தில் நான் சொன்ன மாதிரி ஒரு படகு விலைக்கு நிற்கிறது. இன்ஜினை நான் பார்த்துவிட்டேன், நன்றாக இருக்கிறது. வந்ததும் சொல். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு ராத்திரி அதில் நங்கூரம் போட்டுப் படுத்துப் பார்ப்போம். மீன்குழம்பும் மரச்சீனியும் நம் வீட்டிலிருந்து வரும்.

அன்புடன்,
ஆன்றனி