2019ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடும்பத்துடன் வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2019 ஜனவரி முதல் டிசம்பர் முடிய நைரோபியில் நமது சங்கம் ஆற்றிய பணிகளைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன்.

பொங்கல் விழா ஜனவரி 20ஆம் நாளும், சித்திரைப் புத்தாண்டு விழா ஏப்ரல் 14ஆம் நாளும், தீபாவளி ஒன்றுகூடல் நவம்பர் 2ஆம் நாளும் வழக்கம்போல் நடைபெற்றன. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு 31 வாரங்கள் நடந்தது. செயற்குழு ஏழு முறை கூடியது. அவற்றில் இரண்டு கூட்டங்கள் போதிய உறுப்பினர் வராததால் தள்ளிவைக்கப்பட்டுப் பின்னர் நடந்தவை.

நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை நடந்த நகர் உலாவைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது. இந்தத் திட்டத்தை முன்வைத்தவன் நான். செயற்குழுவிலேயே இதற்கு மறுப்பு இருந்தது, செலவு பற்றிய கேள்வி இன்றும் தொடர்கிறது. ஆகவே அன்று நடந்ததை நடந்தபடி பதிவு செய்வது என் கடமை. நம்மில் பலர் பத்து, பதினைந்து ஆண்டுகளாக இங்கே வாழ்கிறோம். ஆனாலும் வீடு, அலுவலகம், கோயில், பிள்ளைகளின் பள்ளி என்ற வட்டத்தைத் தாண்டி இந்நகரின் மையத்தைக் காலால் நடந்து பார்த்தவர் மிகச் சிலர்.

உலாவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 71 பேர். வந்தவர்கள் 44 பேர். மற்ற 27 பேரில் முன்கூட்டியே தகவல் சொன்னவர் ஒரே குடும்பத்தினர். 71 பேருக்கெனச் சமைத்த புளியோதரையும் தயிர்சாதமும் தயாராக இருந்தன. அவற்றுக்காக நான்கு சகோதரிகள் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்தார்கள் என்பதை வராதவர்கள் அறிய வேண்டும். காலை ஏழரைக்கு வரவேண்டிய வாடகைப் பேருந்து எட்டு ஐம்பதுக்குத்தான் வந்தது. முன்பணத்தை முழுமையாகக் கொடுத்துவிட்டதால் அதைக் கேட்கும் வலு நமக்கு இல்லாமல் போயிற்று.

முதலில் ரயில்வே அருங்காட்சியகம் சென்றோம். மொம்பாசாவில் 1896இல் தொடங்கிய இருப்புப்பாதை 1899இல் இந்தச் சதுப்பு நிலத்தை வந்தடைந்து, மலையேற்றத்துக்கு முன் இங்கே ஒரு கிடங்கு அமைத்ததால்தான் நைரோபி என்ற நகரமே பிறந்தது. அந்தப் பாதையை இட்டவர்களில் பெரும்பாலோர் பஞ்சாப் பகுதியிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள். ஏறத்தாழ 32,000 பேர் வந்தனர், 2,500 பேர் வரை மாண்டனர். 1900இல் கிமா நிலையத்தில் ஆட்கொல்லிச் சிங்கத்துக்காகக் காத்திருந்து கண்ணயர்ந்த காவல் அதிகாரி ரையாலை அந்தச் சிங்கம் சன்னல் வழியே இழுத்துச் சென்ற பெட்டி அங்கே நிற்கிறது. பிள்ளைகள் அந்தச் சன்னலைக் கையால் சாண் போட்டு அளந்து பார்த்தார்கள்.

அன்றைய நாளுக்கு உயிர் கொடுத்தவர் நம் உறுப்பினர் ஒருவரின் தந்தையார். பொன்மலைப் பணிமனையில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற அப்பெரியவர், மகனைப் பார்க்கத் திருச்சியிலிருந்து வந்திருந்தார். ‘மவுண்ட் கெலாய்’ என்ற பெயர்கொண்ட கேரட் (Garratt) வகை நீராவி எஞ்சினின் அருகில் சென்றதும், "நம்ம ஊர் மீட்டர் கேஜ்தான் இது" என்று சொல்லிக்கொண்டே தண்டவாள அகலத்தைக் காலடியால் அளந்தார். கொதிகலன் நடுவில் தொங்க, முன்னும் பின்னும் தனித்தனிச் சக்கரத் தொகுதிகள் திரும்பிக்கொடுப்பதால் இத்தனை நீளமான எஞ்சினும் மலை வளைவில் ஏற முடிகிறது என்று, சுற்றி நின்ற பிள்ளைகளுக்கு விரல்களை மடக்கி விளக்கினார். முக்கால் மணி நேரம் ஒரு பிள்ளையும் கைபேசியை எடுக்கவில்லை.

அங்கிருந்து நடந்து, 1998 ஆகஸ்ட் 7 அமெரிக்கத் தூதரகக் குண்டுவெடிப்பில் இறந்தோரின் நினைவுப் பூங்காவில் பெயர்கள் பொறித்த சுவர் முன் சிறிது நேரம் நின்றோம். பிறகு 105 மீட்டர் உயரமுள்ள கென்யாட்டா மாநாட்டு மையத்தின் மாடிக்கு ஏறினோம். அந்த ஆண்டு வெளிவந்த புதிய ரூபாய்த் தாள்கள் எல்லாவற்றிலும் (நாம் ஷில்லிங்கை ரூபாய் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்) இதே கட்டடம் இருப்பதைப் பிள்ளைகள் நீட்டிப் பிடித்து ஒப்பிட்டார்கள். மேலிருந்து உஹுரு பூங்கா தெரிந்தது. 1989இல் அங்கே அறுபது மாடிக் கட்டடம் எழுப்ப முனைந்த அரசை எதிர்த்து நின்று அப்பூங்காவைக் காத்தவர் வங்காரி மாத்தாய் என்று சொன்னேன்.

மதிய உணவு ஜீவன்ஜி தோட்டத்தில். 1906இல் ஓர் இந்திய வணிகர் நகர மக்களுக்குக் கொடுத்த இடம் அது. உணவு முடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. அந்த ஆண்டின் குறுமழைக்காலம் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆளுக்கொரு கடைத் தாழ்வாரமாக ஓடி ஒதுங்கி, மழை தணிந்து எண்ணிப் பார்த்தபோது 43 பேர்தான் இருந்தோம். பெரியவரைக் காணவில்லை.

ஒரு மணி பத்து நிமிடம் தேடினோம். அந்த நேரத்தில் அவருடைய மகன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பிறகு என் கைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. மழைக்குப் பயந்து அருகில் நின்ற மட்டாட்டுவை (இங்குள்ள தனியார் சிற்றுந்து) நமது வாகனம் என்று எண்ணிப் பெரியவர் ஏறிவிட்டார். வண்டி ங்காரா வரை போய்விட்டது. கட்டணம் கேட்ட நடத்துநர், அவர் கழுத்தில் தொங்கிய சங்க அட்டையில் இருந்த என் எண்ணைப் பார்த்துப் பேசினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெரியவர் தேநீர்க் கடைப் பலகையில் பால் தேநீர்க் கோப்பையுடன் அமர்ந்திருந்தார். நன்றி சொன்னதற்கு "ஹகுனா ஷிடா" (சுவாஹிலியில் ‘பரவாயில்லை’) என்று சொல்லிவிட்டு அந்த இளைஞர் தம் வண்டியில் தொற்றிக்கொண்டார். அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளாதது என் தவறு.

அந்த அட்டை 71 பேருக்கும் அச்சிட ஆன செலவு 3,550 ஷில்லிங். அக்டோபர் செயற்குழுவில் "வீண் செலவு" என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டது இந்தச் செலவுதான். அக்குறிப்பை நீக்கித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். பொதுவாகச் சொன்னால், விழாக்களின் செலவு வரவுக்குள் அடங்கியது. உலாவில் மட்டும் துண்டு விழுந்தது. வராத 27 பேருக்கான பங்கு வந்திருந்தால் அதுவும் விழுந்திருக்காது. பேருந்தின் எஞ்சிய தொகையைத் தற்காலிகமாக நான் கொடுத்திருக்கிறேன். 62 குடும்பங்களில் ஆண்டுச் சந்தா 3,000 ஷில்லிங்கைச் செலுத்தியவை 38. சந்தாப் பெட்டியில் ஆறு பழைய ஆயிரம் ஷில்லிங் தாள்களும் இருந்தன. செப்டம்பர் 30உடன் அவை செல்லாமல் போனபின் அக்டோபரில் போடப்பட்டவை அவை. யார் போட்டது என்று நான் விசாரிக்கவில்லை. மாற்றித் தந்தால் போதும்.

சமையலில் உழைத்த சகோதரிகளுக்கும், மண்டபம் தந்து உதவிய கோயில் நிர்வாகத்தினருக்கும், தமிழ் வகுப்பு ஆசிரியைகளுக்கும், தலைவர், பொருளாளர் இருவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் கருரா வனத்துக்கு ஓர் உலா செல்ல எண்ணம். பெரியவர் ஜூலையில் மீண்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மொம்பாசா பாதையைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். மூன்றாண்டுகள் இப்பொறுப்பில் இருந்துவிட்டேன். மீண்டும் நிற்பதா என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை. பிப்ரவரி இறுதிக்குள் நிலுவைச் சந்தா எத்தனை குடும்பங்களிடமிருந்து எம்-பெசாவில் (கைபேசிவழிப் பணம் அனுப்பும் சேவை) வந்து சேர்கிறது என்பதைப் பார்த்த பிறகு தலைவரிடம் தெரிவிக்கிறேன்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

செயலாளர்
நைரோபி, ஜனவரி 2020