கடற்கரைச் சாலையில் நின்று போக வழி வேண்டும்

ஐயா,

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். நாங்கள் கடந்த ஞாயிறன்று ஒரு முழுப் பகலையும் அதற்கு ஒதுக்கினோம். சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையில் பூவேலை செதுக்கிய கல்லறைகளை அம்மா விரலால் தடவித் தடவிப் பார்த்தார். 1760இல் ஆங்கிலேயர் தகர்த்த ஆலம்பரைக் கோட்டையின் செங்கல் இடிபாடுகளில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம்; எதிரே கழிமுகம், அதைத் தாண்டிக் கடல். எத்தனை அழகு! மரக்காணத்தில் ஓலை போர்த்திய உப்புக் குவியல்களைப் பார்க்க ஆசைப்பட்டோம். வண்டியை ஓரங்கட்டப் பாதுகாப்பான இடம் கிடைக்கவில்லை. கழிப்பறைக்காக அம்மா பட்ட பாடு சொல்லி மாளாது. உப்பளத்தருகே ஒரு நிறுத்துமிடமும், கோட்டைகளுக்கு அருகே சுத்தமான கழிப்பறையும் குடிநீரும் உடனே அமைத்துத் தர வேண்டுகிறேன்.

– வாசகர், குரோம்பேட்டை