நூறு வெள்ளிப்பணம்

கிறிஸ்துவுக்குள் அன்பான மகளுக்கு,

பரமண்டல ஜெபத்தில் 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்ற இடம் வரும்போது உனக்கு வாய் எழவில்லை என்று எழுதியிருந்தாய். பொய்யாகச் சொல்வதைவிட மௌனமாக நிற்பதே மேல் என்று எனக்கும் தோன்றுகிறது. கூட்டாகத் தொழில் தொடங்கி உன் பங்கையும் எடுத்துக்கொண்டு போனவளைப் பற்றி, 'அது ஒன்றும் பெரிதல்ல, மறந்துவிடு' என்று புத்தி சொல்பவர்கள் மத்தேயு 18ஆம் அதிகாரத்தை நின்று படிக்காதவர்கள்.

அதில் இயேசு சொன்ன உவமையில், ராஜாவிடம் பெருங்கடன் பட்டு மன்னிப்புப் பெற்ற ஒரு வேலைக்காரன், தன்னிடம் கடன்பட்ட உடன்வேலைக்காரனை மன்னிக்க மறுக்கிறான். அந்த உடன்வேலைக்காரன் பட்டிருந்த கடன் நூறு வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் அக்காலத்தில் ஒரு கூலியாளின் நாள் கூலி; ஆகவே அது மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட உழைப்பு. இரண்டு காசு என்று இயேசு சொல்லியிருக்கலாம், ஆனால் சொல்லவில்லை. உனக்கு நேர்ந்தது நஷ்டமே அல்ல என்று அவர் ஒருபோதும் சொல்லமாட்டார். ராஜா மன்னித்த பதினாயிரம் தாலந்தோ, ஒரு தாலந்துக்கு ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம் என்று பார்த்தால், 6 கோடி நாள் கூலி. அத்தனையும் தள்ளுபடியாகி வெளியே வந்தவனுடைய கை, அடுத்த கணமே இன்னொருவன் தொண்டையை நெரிக்கிறது. மன்னிப்பு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது அந்தக் கைதான். கிரேக்க மூலத்தில் மன்னிப்பதற்கு வழங்கும் சொல்லுக்கே 'விட்டுவிடுதல்' என்ற பொருளும் உண்டு.

விட்டுவிடுவதால் அவளை மறுபடியும் நம்பியாக வேண்டும் என்பதில்லை. யோசேப்புகூட, தன்னை அடிமையாக விற்றுப்போட்ட சகோதரர்களைக் கட்டிக்கொண்டு அழுவதற்கு முன், தம்பி பென்யமீனின் சாக்கில் வெள்ளிப்பாத்திரத்தை வைத்து அவர்களைச் சோதித்துப் பார்த்தான்.

உன் சித்தப்பாவுடன் நான் பேசாதிருந்த 8 வருடங்களை நீ அறிவாய். அவர் எனக்குச் செய்தவற்றைத் தேதிவாரியாக ஒரு டைரியில் எழுதி வைத்திருந்தது உனக்குத் தெரியாது. உன் அம்மா ஒருநாள் அதைப் புரட்டிவிட்டு, "இதில் உங்கள் பக்கம் எங்கே?" என்று மட்டும் கேட்டாள். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. மற்றது வெகு நாள் கழித்து, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது.

ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமையும் அந்த இடத்தில் உனக்குக் குரல் எழாவிட்டால், வெளியே போய்விடாதே. அருகில் நிற்பவர்கள் உன்னையும் சேர்த்து 'எங்கள்' என்றுதான் சொல்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நில். நானும் அப்படி நின்றவன்தான்.

அன்புடன்,
அப்பா