தாய்லாந்துத் தேநீருக்குச் சாயம் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான தாய்லாந்து ஐஸ் டீ செய்முறையில், நிறத்துக்காக ஆரஞ்சு கேசரிப் பவுடர் சேர்க்குமாறும், அன்னாசிப்பூவையும் பட்டையையும் தேயிலையோடு கொதிக்கவிடுமாறும் கூறப்பட்டிருந்தது. பாங்காக்கில் வசிப்பவள் என்ற முறையில், ‘சா யென்’ எனப்படும் இப்பானம் தள்ளுவண்டிகளில் தயாராவதை நான் அன்றாடம் பார்க்கிறேன். வண்டிக்காரர்கள் எவரும் மசாலா எதையும் தனியாகச் சேர்த்து நான் கண்டதில்லை.

அந்தச் செம்மஞ்சள் நிறம் தேயிலையின் இயல்பான நிறமன்று. இங்கே பெட்டியிலும் டப்பாவிலும் விற்கப்படும் தேயிலைக் கலவைகள் பலவற்றில் சன்செட் யெல்லோ என்ற செயற்கைச் சாயமும் வெனிலா வாசனையும் ஏற்கெனவே கலந்திருக்கின்றன. இச்சாயம் கலந்த உணவுப் பொருள்களில், குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் அது பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதி. இந்தியாவில் குறிப்பிட்ட சில உணவுகளில் மட்டும் வரம்புக்கு உட்பட்டு இது அனுமதிக்கப்படுகிறதே தவிர, தேயிலையில் எந்தச் சாயத்தையும் சேர்க்கக் கூடாது என்பதே நம் உணவுப் பாதுகாப்புத் தரவிதி. அப்படியிருக்க, வீட்டு அடுப்படியில் நாமே கை அளவாகச் சாயத்தைத் தூவிக்கொள்வது தேவையற்ற வேலை.

சுவையைத் தருவது டிகாக்‌ஷனின் கடுமையும் பாலின் கெட்டித்தன்மையும்தான். ஒரு கோப்பை கொதிநீருக்கு இரண்டு மேசைக்கரண்டி டஸ்ட் டீ போட்டு, ஐந்து நிமிடம் மூடி வைத்து, நம் ஊர் டீக்கடைகளில் உள்ளதைப் போன்ற துணி வடிகட்டியில் வடிக்க வேண்டும். அடுப்பிலேயே நெடுநேரம் கொதிக்கவிட்டால் துவர்ப்பு மிஞ்சிவிடும். இவ்வளவு தூளா என்று தயங்க வேண்டாம், பனிக்கட்டி உருகி டிகாக்‌ஷனை நீர்க்கச் செய்துவிடும். சூடாக இருக்கும்போதே இரண்டு கரண்டி சர்க்கரையையும் இரண்டு கரண்டி கண்டென்ஸ்டு மில்க்கையும் கரைத்துவிட வேண்டும், ஏனெனில் குளிர்ந்த பிறகு சர்க்கரை எளிதில் கரையாமல் அடியில் தங்கிவிடும். பிறகு, பனிக்கட்டித் தூள் நிரம்பிய உயரமான கண்ணாடிக் குவளையில் இதை ஊற்றி, மேலே சர்க்கரையில்லாத சுண்டிய பாலை மெல்ல விட வேண்டும். இங்கே அந்தப் பால் டின்களில் கிடைக்கிறது. அது கிடைக்காத ஊர்களில் அரை லிட்டர் பாலை 200 மில்லி லிட்டராகும் வரை சுண்டக் காய்ச்சி, ஆறவைத்து, ஆடை நீக்கிப் பயன்படுத்தலாம். தங்கள் செய்முறையில் கூறியபடி சாதாரணப் பாலை ஊற்றினால், எவ்வளவு சாயம் போட்டாலும் நீர்த்த பால் டீதான் கிடைக்கும்.

சாயமில்லாமல் செய்தால் நிறம் பழுப்பாகத்தான் இருக்கும். புகைப்படத்தில் அவ்வளவாக எடுபடாது என்பதைத் தவிர வேறு குறை இல்லை. பால் விரும்பாதவர்களுக்கு, இதே டிகாக்‌ஷனில் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்த ‘சா மனாவ்’ இருக்கிறது. எலுமிச்சையின் புளிப்பு பட்டதுமே டிகாக்‌ஷன் தானாக வெளிறி, சாயமின்றியே செம்பொன் நிறத்துக்கு வந்துவிடும்.

கோடை விடுமுறையில் இச்செய்முறையைப் பிள்ளைகளுக்காகச் செய்து பார்ப்போர் பலர் இருப்பர். எனவே, கேசரிப் பவுடரை நீக்கிய திருத்தத்தை அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாங்காக்