ஓதும் கையில் ஒரு கன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

இந்தோனேசியாவில் பிள்ளைகள் தங்கி மார்க்கக் கல்வி பயிலும் பள்ளிகளைப் ‘பெசந்திரென்’ என்பார்கள். மதுரா தீவின் குலுக்-குலுக் ஊரிலுள்ள அன்னுகாயா பெசந்திரென், சுற்றுச்சூழலைக் காத்ததற்காக 1981இல் அந்நாட்டின் ‘கல்பதரு’ விருதைப் பெற்றது. விருதின் பெயரே நம் கற்பகத் தரு! “கியாமத் (உலக முடிவு) நாளே வந்தாலும் கையிலிருக்கும் கன்றை நட்டுவிடுங்கள்” என்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்). நட்ட மரத்தில் பறவை கொத்தித் தின்பதும் நட்டவருக்குத் தர்மம் என்கிறது புகாரி தொகுப்பில் வரும் ஹதீஸ் (நபிமொழி). இவற்றை மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் மண்ணையும் தொட வேண்டாமா? நம் அரபுக் கல்லூரி விடுதிகளில் ஐந்து வேளையும் தொழுகைக்கு முன் ஒளு செய்த (கை, முகம், கால் கழுவிய) தண்ணீர் ஓடுகிறது. சிறு வாய்க்கால் வெட்டி அதை வேம்புக்கும் தென்னைக்கும் திருப்பிவிடுங்கள். ஆளுக்கொரு கன்றைப் பிள்ளைகள் பொறுப்பில் விடுங்கள்.

- ஒரு வாசகர், மேல்விஷாரம்