மகளுக்கு: அந்த வெள்ளைச் சுவரைப் பற்றி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். புது வீட்டின் படங்கள் நான்கும் வந்து சேர்ந்தன. முதல் மூன்றையும் உன் அம்மாவோடு சேர்ந்து பார்த்துவிட்டு, நான்காவதை மட்டும் தனியாக நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு எதிரே இருக்கும் வெறும் வெள்ளைச் சுவர், கூரையின் நடுவில் எரியும் ஒற்றை விளக்கு, அதன் கீழே கட்டுப் பிரிக்காமல் கிடக்கும் உன் வண்ணப்பெட்டி. "உள்ளே வந்து உட்கார்ந்தால் எதுவுமே செய்யத் தோன்றவில்லை அப்பா" என்று அந்தப் படத்தின் கீழே நீ எழுதியிருந்த வரி மனத்தை விட்டு அகலவில்லை. வீட்டை எப்படி அழகுபடுத்தலாம் என்று கேட்டிருக்கிறாய். உன் கேள்விக்கான பதிலே அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. வந்தவர்கள் பார்த்து மெச்சுவதற்கான அறை எளிதில் அமைந்துவிடும். நுழைந்தவுடன் கை எதையாவது எடுக்கத் துறுதுறுக்க வேண்டும். அப்படி ஓர் அறையை அமைப்பது எப்படி என்பதையே இந்தக் கடிதம் முழுவதும் எழுதப்போகிறேன்.

முதலில், ஒரு வாரம் எதையும் வாங்காதே. காலையில் ஒரு முறை, நண்பகலில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று அறையின் ஒவ்வொரு மூலையிலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார். வெளிச்சம் எங்கே விழுகிறது, எத்தனை மணிக்கு நகர்ந்துவிடுகிறது, எந்த இடத்தில் உட்கார்ந்தால் கதவு முதுகுக்குப் பின்னால் போய் மனம் நிலைகொள்ளாமல் இருக்கிறது என்பதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொள். உன் வரைமேசை எங்கே போக வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.

அடுத்தது விளக்கு. அந்த அறையின் சோர்வுக்குப் பாதிக் காரணம் சுவரல்ல, கூரையின் நடுவில் இருக்கும் ஒற்றை விளக்குதான். மேலிருந்து எல்லாவற்றின் மீதும் ஒரே அளவாக ஒளி கொட்டினால் நிழல் செத்துவிடுகிறது. நிழல் இல்லாத அறைக்கு ஆழமும் இல்லை. அதற்குப் பதிலாக, வெவ்வேறு உயரங்களில் மூன்று சிறு விளக்குகளை வை: ஒன்று தரையில் நிற்கட்டும், ஒன்று மேசையில் இருக்கட்டும், ஒன்று அலமாரித் தட்டிலிருந்து சுவரை நோக்கி ஒளி வீசட்டும். பல்பு வாங்கும்போது வாட் கணக்கை மட்டும் பார்க்காமல் பெட்டியில் அச்சிட்டிருக்கும் மற்ற எண்களையும் படி. 2700 கெல்வின் என்றால் மாலை வெயில் போன்ற மஞ்சள் சாயல்; 4000 கெல்வின் என்றால் வேலைக்கேற்ற நடுநிலை வெண்மை; 6500 கெல்வின் நீலம் கலந்த வெண்மை, இரவில் கண்ணை உறுத்தும். அதே பெட்டியில் 'சி.ஆர்.ஐ.' என்று ஓர் எண் இருக்கும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது. உச்ச அளவு 100. வண்ணத்தோடு வேலை செய்கிறவளான நீ 90-க்குக் குறைந்த எதையும் மேசைக்கு வாங்காதே. குறைந்த எண் உள்ள விளக்கின் கீழ் சிவப்பு மங்கிப் பழுப்பாகத் தெரியும், நீயோ உன் கலவை தவறிவிட்டது என்று வருந்துவாய். உனக்கு இடக்கைப் பழக்கம் என்பதால் மேசை விளக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் உன் கையின் நிழலே நீ வரையும் கோட்டின் மீது விழும்.

நிறத்துக்கு வருகிறேன். உனக்கு ஏழு வயதிருக்கும்போது உன் அறைக்கு இளம்பச்சை பூசினோமே, நினைவிருக்கிறதா? கட்டைவிரல் அளவு அட்டையைப் பார்த்து, தளிர் போல இருக்கிறது என்று நான்தான் தேர்ந்தெடுத்தேன். பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட் எமல்ஷன் பூசி முடித்த மறுநாள் காலையில் நீ உள்ளே போய்ப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தாய். நான்கு சுவரும் சேர்ந்து ஒன்றின் பச்சையை இன்னொன்றின் மேல் வீசி, அறையே பாசி படிந்த தொட்டி போல ஆகியிருந்தது. அட்டையில் இருந்த நிறம்தான் சுவரிலும் இருந்தது. பெயிண்டர் மீது தவறில்லை. ஒரு நிறம் எவ்வளவு பரப்பில் இருக்கிறது, பக்கத்தில் எது இருக்கிறது, எந்த ஒளியில் நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் தோற்றமே மாறிவிடும் என்பது எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை.

இதை முறையாக ஆராய்ந்து சொன்னவர் ஒரு வேதியியலாளர். பாரிஸில் கோபெலின் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடத்தில் 1824-இல் சாயப் பிரிவின் பொறுப்பை ஏற்ற மிஷல் ஷெவ்ரேலிடம், கறுப்புச் சாயம் போதிய அழுத்தமாக இல்லை என்ற புகார் வந்தது. அவர் மற்ற இடங்களில் சாயமேற்றிய கறுப்பு நூல்களோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் எந்தக் குறையும் இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்ததால்தான் கறுப்பு வெளிறித் தெரிந்தது. அடுத்தடுத்து இருக்கும் நிறங்கள் ஒன்றன் தோற்றத்தை மற்றொன்று மாற்றும் என்ற விதியை 1839-இல் அவர் நூலாகவே வெளியிட்டார். நூல் நெய்கிறவர்களுக்குச் சொன்ன அந்த விதி சுவர் பூசுகிறவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

ஆகவே சின்ன டப்பாவாக வாங்கி, இரண்டு அடி நீள அகலமுள்ள அட்டை ஒன்றின் மேல் இரண்டு கோட் பூசி, அந்த அட்டையை ஒவ்வொரு சுவரிலும் ஒரு நாள் சாய்த்து வைத்துப் பார். உன் சோபாவின் துணிக்குப் பக்கத்தில் வை. இரவில் விளக்கொளியில் பார். சுவரிலேயே தீற்றிப் பார்ப்பதைவிட இது மேல், ஏனென்றால் அட்டையை வேண்டிய இடத்துக்கெல்லாம் நகர்த்திப் பார்க்கலாம். நான்கு சுவரையும் பூசத் துணிவில்லையென்றால், வரைமேசைக்கு மேலே உள்ள மாடத்தின் உட்புறத்தை மட்டும் ஆழ்ந்த நீலத்தில் பூசு. அவ்வளவு சின்ன இடத்தில் எவ்வளவு அடர்ந்த நிறமும் அழகாகத்தான் இருக்கும்; அங்கே வைக்கும் வெள்ளைக் கிண்ணமும் தூரிகைகளும் எடுப்பாகத் தெரியும். பூசும் நாளிலும் அதற்கடுத்த சில நாட்களும் ஜன்னலைத் திறந்தே வை. குழந்தையை அந்த அறையில் தூங்க வைக்காதே.

வாடகை வீடு, பூசக்கூடாது என்று சொல்லியிருந்தாலும் கவலைப்படாதே. ஹென்றி மட்டீஸ் என்ற ஓவியரின் கடைசிக் காலத்தை நினைத்துக்கொள். 1941-இல் நடந்த பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலுமே இருந்தார். உதவியாளர்கள் வண்ணம் பூசிக் கொடுத்த தாள்களைக் கத்தரியால் வெட்டி, அவர்களைக் கொண்டே சுவரில் குண்டூசியால் குத்த வைத்தார். 1952-இல், அவருக்கு 82 வயதாக இருந்தபோது, நீரில் பாய்கிறவர்களைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நீச்சல் குளத்துக்குப் போனவர், வெயில் தாங்காமல் திரும்பி வந்தார். எனக்கான குளத்தை நானே செய்துகொள்கிறேன் என்று சொல்லி, சாப்பாட்டு அறையின் சுவரைச் சுற்றி வெள்ளைத் தாளைப் பட்டையாக ஒட்ட வைத்து, நீலத் தாளில் நீந்தும் உருவங்களை வெட்டி அதன் மேல் பொருத்தினார். அதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது. தாள், கத்தரி, குண்டூசி; அவ்வளவுதான் அவருக்குத் தேவைப்பட்டது. வைத்த இடம் பிடிக்கவில்லை என்றால் குண்டூசியை எடுத்துவிட்டு வேறிடத்தில் மீண்டும் குத்தலாம் என்பதே அந்த முறையின் வசதி. உன் வெள்ளைச் சுவரை நீ ஏன் குறையாக நினைக்க வேண்டும்? பேரனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இருவரும் வெட்டுங்கள். அவன் வெட்டும் கோணல் மீனை நேராக்காதே.

சட்டமிட்ட படங்களை மாட்டுவதாக இருந்தால் ஆணி அடிப்பதற்கு முன்பு ஒவ்வொரு சட்டத்தின் அளவுக்கும் பழைய செய்தித்தாளை வெட்டி, மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் அப்படியே விட்டுவை. பெரும்பாலானவர்கள் படத்தை மிக உயரத்தில் மாட்டிவிடுகிறார்கள். நிற்கும் ஒருவரின் கண்மட்டத்துக்கு, அதாவது படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி மாட்டினால் சரியாக இருக்கும். ஆனால் பேரனுக்கு அது வானம். சமையலறைக் கதவின் பின்புறத்தில் உன் நான்காவது வயதில் கரித்துண்டால் ஒரு வரிசை பறவைகளை வரைந்தாய் அல்லவா? கதவுக்கு மறுபடி வண்ணம் பூசியபோதெல்லாம் அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டே பூசியிருக்கிறோம். நேற்று டேப்பை எடுத்து அளந்தேன்: தரையிலிருந்து 81 சென்டிமீட்டர். ஒரு குழந்தைக்குத் தன் சுவர் எந்த உயரத்தில் தொடங்குகிறது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பறவைகள்தான். அவனுக்கு அந்த உயரத்தில் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, துணி மாட்டும் கிளிப்புகளைத் தொங்கவிடு. வரைந்ததை அவனே மாட்டட்டும், அவனே கழற்றட்டும்.

கரும்பலகை பெயிண்ட் பற்றிக் கேட்டிருந்தாய். நல்ல யோசனைதான்; ஆனால் பூசியவுடன் எழுத விடாதே. டப்பாவில் எத்தனை நாள் போட்டிருக்கிறதோ, வழக்கமாக மூன்று நாள், அத்தனை நாளும் உலரட்டும். பிறகு சாக்பீஸைப் படுக்கவைத்துப் பரப்பு முழுவதும் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துவிடு. இதைச் செய்யாமல் விட்டால் முதன்முதலாக எழுதியதன் தடம் எவ்வளவு அழித்தாலும் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும். சாக்பீஸ் தூள் உன் வண்ணங்களில் விழாதபடி, அந்தப் பலகை வரைமேசைக்கு எதிர்ப்புறச் சுவரில் இருக்கட்டும்.

அவனுடைய புத்தகங்களை முதுகு தெரிய அடுக்காதே. படிக்கத் தெரியாத பிள்ளைக்கு அட்டைப்படம்தான் புத்தகத்தின் பெயர். ஒல்லியான தட்டுகளில் முகப்பு தெரியும்படி ஐந்தாறு மட்டும் வைத்து, மற்றவற்றை உள்ளே வைத்து அவ்வப்போது மாற்று. மேசையின் அடியில் ஒரு மெத்தைத் துண்டும் பாட்டரி விளக்கும் போட்டு, மேலிருந்து பழைய போர்வையைத் தொங்கவிட்டால் அது அவனுக்குக் குகையாகிவிடும்.

உயரமான அலமாரியைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். குழந்தைகள் இழுப்பறைகளைப் படிக்கட்டாக்கி ஏறுவார்கள். சுவரோடு பிணைக்காத அலமாரி அப்படியே முன்னால் சாயும். சுவரில் ட்ரில் போட்டு, பிளக் இறக்கி, இரும்புப் பட்டையால் ஸ்க்ரூ வைத்து முடுக்கும் நாள் வரை அதை நிமிர்த்தாதே, படுக்கவைத்தே வை.

திரைச்சீலைக் கம்பியை ஜன்னல் சட்டத்துக்கு ஒரு சாண் மேலேயும், இருபக்கமும் ஒரு சாண் அகலமாகவும் போடு. சீலையை ஒதுக்கினால் கண்ணாடி முழுவதும் வெளிச்சத்துக்குத் திறந்துவிடும். ஜன்னலுக்கு எதிரே நிலைக்கண்ணாடி வைத்தால் ஒளி இரட்டிப்பாகத் தெரியும், ஆனால் அதில் எது பிரதிபலிக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள். செடி வேண்டுமென்றால் மணி பிளாண்ட் குறைந்த வெளிச்சத்திலும் பிழைக்கும், தண்ணீர் நிறைந்த பாட்டிலிலேயே வேர்விடும். அதன் இலையை மென்றால் வாயும் நாக்கும் எரியும் என்பதால் பேரனுக்கு எட்டாத தட்டில் வை.

இவை எல்லாவற்றையும்விட உன் மேசையைப் பற்றித்தான் எனக்கு அதிக அக்கறை. தூரிகைகளையும் வண்ணங்களையும் அழகான பெட்டிகளில் போட்டு மூடி அலமாரிக்குள் அடுக்கிவிட்டால் அறை சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு, வேலை முடிந்து, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு வந்து உட்காரும் உனக்கு அந்தப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திறக்கத் தெம்பு இருக்காது. அதனால் ஒரு பெரிய தட்டை வைத்துக்கொள். பாதி வரைந்த தாள், அப்போது பயன்படுத்தும் நான்கு வண்ணங்கள், ஈரத்துணி எல்லாம் அந்தத் தட்டிலேயே, விட்டது விட்டபடி இருக்கட்டும். மேசை வேறு வேலைக்குத் தேவைப்பட்டால் தட்டை அப்படியே தூக்கி வைத்துவிடலாம். முடிக்காமல் விட்ட வேலை கண்ணில் படும்படி இருப்பதைக் குப்பை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே, கண்ணம்மா. மறுநாள் உன்னை மேசைக்கு இழுத்து வருவது அதுதான்.

அடுத்த மாதம் நானும் அம்மாவும் வரும்போது ரசமட்டத்தையும் ட்ரில்லையும் எடுத்து வருகிறேன். அலமாரியை நிமிர்த்திப் பிணைக்கும் வேலையை எனக்கு விட்டுவை. கதவில் இருக்கும் பறவைகளை மெல்லிய தாளில் படியெடுத்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மொத்தம் ஒன்பது, கடைசிப் பறவைக்கு மட்டும் நீ ஒரு சிறகுதான் போட்டிருக்கிறாய். பேரனிடம் கொடு, அவன் கயிற்றில் மாட்டட்டும். வண்ணப்பெட்டியின் கட்டை இன்றிரவே பிரித்துவிடு.

அன்புடன்,
அப்பா